நமக்காக விழித்திருந்தவர்களின் மனக்காயம்: நம் கடமை என்ன?

அளவற்ற அருளாளனும் நிகரற்ற அன்புடையோனுமாகிய அல்லாஹ்வின் திருப்பெயரால் ஆரம்பம் செய்கிறேன். எல்லாப் புகழும் அவனுக்கே. ஸலவாத்தும் ஸலாமும் நம் உயிரினும் மேலான கண்மணி நாயகம் முஹம்மது முஸ்தஃபா (ஸல்) அவர்கள் மீதும், அவர்களின் குடும்பத்தார், தோழர்கள் அனைவர் மீதும் உண்டாவதாக! அம்மா பஃது.

 

முதலில் 2020ஆம் ஆண்டை நினைத்துப் பாருங்கள். மார்ச் 25 முதல் நாடு முழுக்க ஊரடங்கு. காஜியார் வீதியிலும் முல்லா வீதியிலும் ஆள் நடமாட்டம் இல்லை. பள்ளிவாசலில் பாங்கு மட்டும் ஒலித்தது, ஸஃப்பு நிற்கவில்லை. வீட்டிலேயே தொழுதுகொள்ளுங்கள் என்று அறிவித்தோம். ஜும்ஆ இல்லாத வெள்ளிக்கிழமையை நம்மில் எத்தனை பேர் அதற்கு முன் பார்த்திருப்போம்? அந்த வருட ரமலானில் பள்ளியில் தராவீஹ் இல்லை, கஞ்சிப் பாத்திரத்தோடு பிள்ளைகள் வரிசையில் நிற்கவில்லை. பெருநாள் தொழுகையையும் வீட்டுக் கூடத்தில்தான் தொழுதோம்.

நாமெல்லாம் கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே இருந்தோம். அதே நேரத்தில் கதவைத் திறந்துகொண்டு வெளியே போனவர்கள் யார்?

கதிர்காமம் அரசு மருத்துவக் கல்லூரிக்கும், கோரிமேடு ஜிப்மருக்கும் இரவு டியூட்டிக்குப் போன டாக்டர்கள், நர்ஸ்கள். வார்டைத் துடைத்த பணியாளர்கள், ஆம்புலன்ஸ் ஓட்டுநர்கள். வீடு வீடாக வந்து காய்ச்சல் கேட்டுக் குறித்துக்கொண்ட ஆஷா சகோதரிகள், மையித்தைத் துணியும் பிளாஸ்டிக்கும் சுற்றித் தூக்கிய கைகள். இவர்கள்தான் போனார்கள்.

நம் புதுவை மருத்துவத்தால் பெயர் பெற்ற ஊர். 1823இல் பிரெஞ்சுக்காரர்கள் இங்கே தொடங்கிய மருத்துவப் பள்ளிதான் இன்றைய ஜிப்மரின் வேர். கடலூர், விழுப்புரத்திலிருந்தெல்லாம் நோயாளிகள் இங்கேதான் வருகிறார்கள். ஆகவே இந்த ஊரில் மருத்துவமனையில் வேலை செய்யும் ஒருவராவது இல்லாத தெரு குறைவு. இந்த ஜமாஅத்திலேயே இருக்கிறார்கள். இப்போது உங்கள் பக்கத்தில் அமர்ந்திருப்பவரே அவர்களில் ஒருவராக இருக்கலாம்.

2023 மே 5ஆம் தேதி, கொரோனா அவசரநிலை முடிந்துவிட்டது என்று உலக சுகாதார நிறுவனம் அறிவித்தது. நமக்கு அது முடிந்துவிட்டது. ஆனால் அந்த வார்டுகளில் நின்றவர்களுக்கு முடிந்ததா என்று நாம் யாரும் கேட்கவில்லை. இன்றைய பயானில் அதைப் பற்றித்தான் பேசப் போகிறேன்.

ஒரு தந்தை வந்தார்

ஒரு சம்பவத்தைச் சொல்கிறேன். அந்தக் குடும்பத்தின் சம்மதத்தோடுதான் சொல்கிறேன். அடையாளம் தெரியும் எதையும் சொல்லப் போவதில்லை.

ஒருநாள் அஸர் தொழுகைக்குப் பிறகு ஒரு பெரியவர் வந்தார். கையில் தண்ணீர் பாட்டில். "ஹஜ்ரத், மகளுக்குக் கொஞ்சம் தண்ணி ஓதிக் கொடுங்க. புள்ள தூங்குறதே இல்ல. சரியா சாப்புடறதும் இல்ல. துபாய்ல இருந்து அவ தம்பி வீடியோ கால் பண்ணினா எல்லாரும் ஓடிவந்து பேசுவோம், அவ மட்டும் எழுந்து உள்ள போயிடறா" என்றார்.

அந்தச் சகோதரி நர்ஸ். 2021இல் இரண்டாம் அலை அடித்தபோது கொரோனா வார்டில் இருந்தவர்.

நான் தண்ணீர் ஓதிக் கொடுத்தேன். கூடவே, "சபூர் செய்யச் சொல்லுங்க. தொழுகையை விடாம பாத்துக்கச் சொல்லுங்க. ஈமான் பலமா இருந்தா இதெல்லாம் ஓடிப்போயிடும்" என்றும் சொல்லி அனுப்பினேன். நல்லதைத்தான் சொன்னோம் என்ற திருப்தியோடு வீட்டுக்குப் போனேன்.

மூன்று மாதம் கழித்து அவர் மறுபடியும் வந்தார். இந்தத் தடவை கையில் பாட்டில் இல்லை. "ஹஜ்ரத், நீங்க சொன்னதை அப்படியே அவகிட்ட போய்ச் சொன்னேன். 'எனக்கு ஈமான் இல்லைன்னு ஹஜ்ரத்தும் சொல்லிட்டாங்களா அத்தா'ன்னு கேட்டா. அதுக்கப்புறம் எங்ககிட்டயும் பேச்சைக் குறைச்சிட்டா" என்றார்.

சகோதரர்களே! அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. ஆறுதல் தேடி வந்தவரைக் காயப்படுத்தி அனுப்பியிருக்கிறேன். அதுவும் மார்க்கத்தின் பெயரால். அதனால்தான் இந்தப் பயானை முதலில் எனக்கே சொல்லிக்கொள்கிறேன்.

கைதட்டினோம், கல்லும் எறிந்தோம்

2020 மார்ச் 22, ஞாயிற்றுக்கிழமை மாலை ஐந்து மணிக்கு நாடே வாசலில் நின்று கைதட்டியது. மே 3ஆம் தேதி விமானப்படை ஹெலிகாப்டர்கள் மருத்துவமனைகள் மீது பூத் தூவின. நல்லது. மனிதர்களுக்கு நன்றி செலுத்தாதவன் அல்லாஹ்வுக்கும் நன்றி செலுத்தாதவன் என்ற கருத்தில் வரும் நபிமொழி நாம் அறிந்ததுதான்.

ஆனால் அந்த இரண்டு தேதிகளுக்கும் நடுவில் என்ன நடந்தது? ஏப்ரல் 19 இரவு, சென்னையில் டாக்டர் சைமன் ஹெர்குலிஸ் என்ற நரம்பியல் அறுவை சிகிச்சை நிபுணர் கொரோனாவில் இறந்துபோனார். அவரை அடக்கம் செய்ய விடாமல் கூட்டம் திரண்டது. ஆம்புலன்ஸ் மீது கல் எறிந்தார்கள். அதை ஓட்டிவந்தவர்களுக்கு அடிபட்டது. கடைசியில் நள்ளிரவில், போலீஸ் பாதுகாப்போடு, அவருடன் பழகிய இன்னொரு டாக்டர் தன் கையாலேயே மண்ணைத் தள்ளிக் குழியை மூடினார். மூன்றே நாளில், ஏப்ரல் 22 அன்று, மருத்துவ ஊழியர்களைத் தாக்கினால் ஏழு ஆண்டு வரை சிறை என்று மத்திய அரசு அவசரச் சட்டம் கொண்டுவர வேண்டியதாயிற்று.

ஒரு யூதரின் ஜனாஸா கடந்து சென்றபோது நம் நபி (ஸல்) அவர்கள் எழுந்து நின்றார்கள். அவர் யூதராயிற்றே என்று சொல்லப்பட்டபோது, அதுவும் ஓர் உயிர்தானே என்ற கருத்தில் பதில் சொன்னார்கள். புகாரியில் இருக்கிறது. அந்த நபியின் உம்மத் நாம். எந்த மதத்து டாக்டராக இருந்தாலும் அந்த இரவின் வேதனை நம் வேதனைதான்.

பழி சுமப்பது எப்படி வலிக்கும் என்று நமக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. டெல்லி நிஜாமுத்தீன் மர்கஸைச் சொல்லி, நோயைப் பரப்பியவர்கள் என்று நம் சமுதாயம் முழுவதையும் பேசினார்களே! தாடி வைத்தவரிடம் காய்கறி வாங்கத் தயங்கினார்களே! அதே ஆண்டு ஆகஸ்ட் மாதம் மும்பை உயர் நீதிமன்றத்தின் ஔரங்காபாத் கிளை, மர்கஸுக்கு வந்த வெளிநாட்டவர்கள் பலிகடா ஆக்கப்பட்டார்கள் என்று சொல்லி அவர்கள் மீதான வழக்குகளை ரத்து செய்தது. ஆனால் அதற்குள் பட்ட காயம் பட்டதுதான்.

அதே பார்வையைத்தான் நர்ஸ்களும் வார்டு ஊழியர்களும் சந்தித்தார்கள். வாடகை வீட்டுக்காரர் காலி செய்யச் சொன்னார். பக்கத்து வீட்டார் தண்ணீர்க் குழாயைத் தொடாதே என்றார்கள். நாட்டின் பல ஊர்களில் இது நடந்தது. பழியின் வலியை அறிந்த நாம்தான் அவர்களுக்கு முதலில் ஆறுதலாகப் போய் நின்றிருக்க வேண்டும்.

அமவாஸ் கொள்ளைநோயும் அபூ உபைதா (ரலி) அவர்களும்

ஹிஜ்ரி 18ஆம் ஆண்டு, உமர் (ரலி) அவர்களின் ஆட்சிக்காலம். ஷாம் தேசத்தில் அமவாஸ் என்ற இடத்தில் தாவூன் என்னும் கொள்ளைநோய் பரவியது. அங்கே படைத்தளபதி, இந்த உம்மத்தின் அமீன் என்று நபி (ஸல்) அவர்களால் அழைக்கப்பட்ட அபூ உபைதா (ரலி) அவர்கள்.

எப்படியாவது அவரைக் காப்பாற்ற வேண்டும் என்று நினைத்த உமர் (ரலி), எனக்கு உங்களிடம் ஒரு வேலை இருக்கிறது, உடனே புறப்பட்டு வாருங்கள் என்று கடிதம் எழுதினார்கள். அது என்ன வேலை என்பது அபூ உபைதாவுக்குப் புரிந்துவிட்டது. என்னோடு இருக்கும் மக்களை விட்டுவிட்டு என் உயிரை மட்டும் காத்துக்கொள்ள எனக்கு விருப்பமில்லை என்ற கருத்தில் பதில் எழுதி அனுப்பினார்கள். அந்தக் கடிதத்தைப் படித்த உமர் (ரலி) அழுதார்கள். அபூ உபைதா இறந்துவிட்டாரா என்று மக்கள் கேட்கும் அளவுக்கு அழுதார்கள்.

அந்த நோயிலேயே அபூ உபைதா (ரலி) ஷஹீதானார்கள். அடுத்துப் பொறுப்பேற்ற முஆத் இப்னு ஜபல் (ரலி) அவர்களும், அவர்களின் குடும்பத்தாரும் போய்ச் சேர்ந்தார்கள்.

கொரோனாவிலும் இப்படி நின்றவர்கள் உண்டு. 2020 ஜனவரி முதல் 2021 மே வரை மட்டும் உலகம் முழுவதும் 80,000 முதல் 1,80,000 வரை மருத்துவ ஊழியர்கள் கொரோனாவுக்குப் பலியாகியிருக்கலாம் என்று உலக சுகாதார நிறுவனம் மதிப்பிட்டது. இவர்கள் வீட்டில் இருந்திருந்தால் பிழைத்திருக்கக்கூடியவர்கள். நின்றார்கள், போய்விட்டார்கள்.

ஒரு விஷயத்தைக் கவனியுங்கள். அபூ உபைதாவுக்காக உமர் (ரலி) அழுதார்கள், பதறினார்கள், கடிதம் எழுதினார்கள். மக்களுக்காக நிற்பவரை நினைத்துப் பதறும் ஒருவர் இருந்தார். நம் ஊழியர்களை நினைத்துப் பதறியவர் யார்? இறந்தவர்களுக்காவது இரங்கல் சொன்னோம். உயிரோடு திரும்பி வந்தவர்களை நாம் மறந்தே போனோம்.

துக்கம் ஈமானின் குறைவல்ல

இப்போது நான் செய்த தவறுக்கு வருகிறேன். ஈமான் இருந்தால் மனம் உடையாது என்று நினைக்கிறோமே, குர்ஆன் அப்படிச் சொல்கிறதா?

யஃகூப் (அலை) அவர்களைப் பாருங்கள். மகன் யூசுஃபைப் பறிகொடுத்தபோது அழகிய பொறுமையே என் வழி என்றார்கள். பொறுமைக்கே உதாரணமான நபி. ஆனால் அதே நபி அழுது அழுது, துயரத்தால் கண்களே வெளுத்துப்போயின என்று அதே ஸூரா யூஸுஃபின் 84ஆம் வசனம் சொல்கிறது. பொறுமையும் கண்ணீரும் ஒரே மனிதரிடம், ஒரே நேரத்தில் இருந்தன. யஃகூப் நபிக்கு ஈமான் குறைவு என்று யாராவது சொல்ல முடியுமா?

மூஸா (அலை) அவர்களின் தாயார், குழந்தையை ஆற்றில் விட்ட பிறகு அவர்களின் உள்ளம் வெறுமையாகிவிட்டது என்று அல்லாஹ்வே அல்கஸஸ் அத்தியாயத்தில் சொல்லிக் காட்டுகிறான். வஹீ போன்ற அறிவிப்பைப் பெற்ற தாய்க்கே உள்ளம் வெறுமையானது.

மர்யம் (அலை) அவர்கள் பிரசவ வேதனையில், தனிமையில், ஊரார் பழிக்குப் பயந்து, இதற்கு முன்பே நான் இறந்து மறக்கப்பட்டிருக்கக் கூடாதா என்ற பொருளில் புலம்பினார்கள். அப்போது அல்லாஹ் அவர்களைக் கண்டித்தானா? இல்லை. கவலைப்படாதே என்று ஆறுதல் சொல்லி, காலடியில் ஊற்றைக் காட்டி, பேரீச்சையை உலுக்கச் சொல்லி, உண்டு பருகிக் கண் குளிர்ந்திரு என்றான். மனம் நொந்தவருக்கு ரப்புல் ஆலமீன் கொடுத்தது ஆறுதல் வார்த்தை, தண்ணீர், சாப்பாடு.

நம் நபி (ஸல்) அவர்களின் பேரக் குழந்தை ஒன்று மரணத் தறுவாயில் அவர்களின் மடியில் கிடந்தபோது கண்ணீர் வழிந்தது. இது என்ன யா ரஸூலல்லாஹ் என்று ஸஅது இப்னு உபாதா (ரலி) கேட்டார்கள். இது அல்லாஹ் தன் அடியார்களின் உள்ளத்தில் வைத்த இரக்கம் என்று பதில் வந்தது.

இரக்கம் இருக்கும் உள்ளம்தான் உடையும். கல் மனசு உடையாது. வார்டில் பார்த்த மரணங்கள் ஒரு நர்ஸின் தூக்கத்தைக் கெடுக்கின்றன என்றால், அல்லாஹ் வைத்த அந்த இரக்கம் அவர் உள்ளத்தில் இருக்கிறது என்றுதான் பொருள்.

உடலுக்கு நோய் வருவது போல உள்ளத்துக்கும் நோய் வரும் என்பதை நம் முன்னோர்கள் அறிந்திருந்தார்கள். ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் வாழ்ந்த அபூ ஸைத் அல்பல்கீ என்ற அறிஞர், உடல் நலத்தையும் உள்ள நலத்தையும் சேர்த்து ஒரே நூலாக எழுதினார். 1284இல் கெய்ரோவில் சுல்தான் கலாவூன் கட்டிய பெரிய மருத்துவமனையில் மனநோயாளிகளுக்கும் இடம் இருந்தது. வக்ஃபு வருமானத்தில் அது நடந்தது. எந்த நோய்க்கும் அல்லாஹ் மருந்து இறக்காமல் இல்லை என்று நபி (ஸல்) சொன்னபோது, மனநோயை மட்டும் விட்டுவிட்டுச் சொல்லவில்லை. துஆவும் ஓதுவதும் நம் சுன்னத். டாக்டரிடம் போவதும் சுன்னத். ஒன்றைச் செய்தால் மற்றதை விட வேண்டும் என்று எந்தச் சட்டமும் இல்லை.

சல்மான் (ரலி) செய்த வைத்தியம்

சரி, நாம் என்ன செய்வது? புகாரியில் வரும் ஒரு சம்பவம் இதற்கு வழி காட்டுகிறது.

நபி (ஸல்) அவர்கள் மதீனாவில் சல்மான் (ரலி) அவர்களையும் அபுத்தர்தா (ரலி) அவர்களையும் சகோதரர்களாக இணைத்துவைத்தார்கள். ஒருநாள் சல்மான் தம் சகோதரரைப் பார்க்க வீட்டுக்குப் போனார்கள். அபுத்தர்தாவின் மனைவி களையிழந்த உடையோடு இருந்தார். ஏன் இப்படி என்று கேட்டார்கள். உங்கள் சகோதரருக்கு உலகத்தில் நாட்டமே இல்லை என்று பதில் வந்தது. பகலெல்லாம் நோன்பு, இரவெல்லாம் தொழுகை.

அபுத்தர்தா வந்து விருந்தாளிக்கு உணவு வைத்தார்கள். நான் நோன்பு, நீங்கள் சாப்பிடுங்கள் என்றார்கள். நீங்கள் சாப்பிடாதவரை நானும் சாப்பிட மாட்டேன் என்றார்கள் சல்மான். அவரும் சாப்பிட்டார். இரவில் தொழ எழுந்தார். தூங்குங்கள் என்றார்கள். தூங்கினார். மறுபடி எழுந்தார். மறுபடியும் தூங்குங்கள் என்றார்கள். இரவின் கடைசிப் பகுதி வந்ததும், இப்போது எழுங்கள் என்று எழுப்பி, இருவரும் சேர்ந்து தொழுதார்கள். அதற்குப் பிறகுதான் சல்மான் உபதேசம் செய்தார்கள். உம் இறைவனுக்கு உம்மீது உரிமை உண்டு, உம் உயிருக்கும் உரிமை உண்டு, உம் குடும்பத்துக்கும் உரிமை உண்டு, ஒவ்வொருவருக்கும் உரியதைக் கொடும் என்பது அதன் சாரம். இதைக் கேட்ட நபி (ஸல்) அவர்கள், சல்மான் சொன்னது உண்மை என்றார்கள்.

வரிசையைக் கவனித்தீர்களா சகோதரர்களே? முதலில் அவர் வீட்டுக்குப் போனார். அங்கே ஏதோ சரியில்லை என்பதைக் கண்டுகொண்டார். கூட உட்கார்ந்து சாப்பிட வைத்தார், தூங்க வைத்தார். சேர்ந்து தொழுதார். உபதேசம் கடைசியில்தான் வந்தது.

நாம் என்ன செய்கிறோம்? உபதேசத்தில் ஆரம்பிக்கிறோம், அதிலேயே முடித்துக்கொள்கிறோம். நானும் அதைத்தான் செய்தேன்.

அபுத்தர்தா (ரலி) சோர்ந்தது எதனால்? பாவத்தாலா? இல்லை, நல்ல அமலை அளவுக்கு மீறிச் செய்ததால். இதுவும் முக்கியம். நோயாளிக்குச் சேவை செய்வது இபாதத். ஆனால் அந்த இபாதத்திலும் உடலுக்கும் உயிருக்கும் உரிமை உண்டு.

அந்தச் சகோதரி சொன்னது

அந்தத் தந்தை இரண்டாம் முறை வந்துபோன பிறகு, என் வீட்டார் அந்த வீட்டுக்குப் போனார்கள். ஒரு தூக்குவாளியில் கஞ்சி கொண்டுபோனார்கள். வீட்டில் மவுத்து ஆனால் தல்பீனா என்ற வாற்கோதுமைக் கஞ்சி காய்ச்சச் சொல்வார்கள் ஆயிஷா (ரலி). அது துக்கப்பட்ட உள்ளத்துக்கு இதம் தரும் என்று நபி (ஸல்) சொன்னதை அறிவிப்பார்கள். நாங்கள் கொண்டுபோனது நம்மூர் நோன்புக் கஞ்சிதான். மார்க்கம் எதையும் பேசவில்லை. "சாப்பிடும்மா" என்று மட்டும் சொல்லிப் பக்கத்தில் இருந்துவிட்டு வந்தார்கள்.

மூன்றாவது தடவை போனபோது அந்தச் சகோதரி பேசினார்.

வார்டுக்குள் குடும்பத்தாரை விட மாட்டார்கள். கடைசி நேரத்தில் நர்ஸ்தான் நோயாளியின் முகத்துக்கு முன் போனைப் பிடிப்பார். வீடியோ காலில் பிள்ளைகள் பேசுவார்கள். அப்படி ஒருநாள் இரவு போனைப் பிடித்துக்கொண்டிருக்கும்போதே ஒருவரின் மூச்சு நின்றுவிட்டது. அந்தப் பக்கம் ஒரு சின்னப் பெண் "அத்தா, அத்தா" என்று கூப்பிட்டுக்கொண்டே இருக்கிறாள். "காலைக் கட் பண்றதா, வேணாமான்னு தெரியாம நின்னேன். கை நடுங்குச்சு. அவருக்குக் கலிமா சொல்லிக் குடுக்கணும்னுகூடத் தோணல. அந்தப் பாவம் என் மேலதானே?" என்று கேட்டார்.

தம்பி வீடியோ காலில் வந்தால் ஏன் எழுந்து போகிறார் என்பது அன்றுதான் அந்த வீட்டாருக்கே தெரிந்தது.

புதுச்சேரி யூனியன் பிரதேசத்தில் மட்டும் கொரோனாவில் 1,900க்கும் மேற்பட்டோர் மவுத்தானார்கள். பெரும்பாலோரின் கடைசி நேரத்தில் பெற்ற பிள்ளை பக்கத்தில் இல்லை. மருத்துவ ஊழியர்தான் இருந்தார். நம் உறவுகளின் ஸக்ராத் நேரத்தை நமக்குப் பதிலாக அவர்கள் பார்த்தார்கள். ஒரு பிள்ளை ஆயுளில் ஒரு தடவை தாங்க வேண்டியதை, ஒரே இரவில் நான்கு தடவை தாங்கியவர்கள் உண்டு.

மருத்துவ ஊழியர்களுக்கு நேரடியாக

மருத்துவத் துறையில் இருக்கும் சகோதர சகோதரிகளே, இதை உங்களிடம் சொல்கிறேன்.

கலிமா சொல்லிக் கொடுக்க முடியவில்லை, ஒரே ஒரு ஆக்சிஜன் படுக்கையை இருவரில் ஒருவருக்குத்தான் கொடுக்க முடிந்தது, மையித்தைக் குளிப்பாட்ட விடவில்லை என்ற பாரம் உங்களில் சிலருக்கு இருக்கலாம். எந்த ஆத்மாவையும் அதன் சக்திக்கு மேல் அல்லாஹ் சிரமப்படுத்துவதில்லை என்று அல்பகராவின் கடைசி வசனம் உறுதி தருகிறது. சக்திக்கு உட்பட்டதைச் செய்தீர்கள். அதற்கு மேல் உங்களிடம் கேள்வி இல்லை. நான் நோயுற்றால் குணமாக்குபவன் அவனே என்றார்கள் இப்ராஹீம் (அலை). வைத்தியம் உங்கள் கையில், ஷிஃபா அவன் கையில். அவன் கையில் இருந்ததற்காக உங்களை நீங்களே தண்டித்துக்கொள்ளாதீர்கள்.

கொள்ளைநோயில் இறந்த முஃமினுக்கு ஷஹீதின் அந்தஸ்து உண்டு என்று ஹதீஸ் இருக்கிறது. நீங்கள் குளிப்பாட்ட முடியாமல் போனவர்களை நாம் அந்த நல்லெண்ணத்தோடுதான் அல்லாஹ்விடம் ஒப்படைக்கிறோம். அப்படிப்பட்ட ஊரில் பொறுமையோடு, நன்மையை எதிர்பார்த்து நின்றவருக்கும் ஷஹீதைப் போன்ற கூலி உண்டு என்று ஆயிஷா (ரலி) அறிவிக்கும் ஹதீஸ் புகாரியில் இருக்கிறது. ஓர் உயிரை வாழவைத்தவர் மனிதகுலம் முழுவதையும் வாழவைத்தவரைப் போன்றவர் என்று அல்மாயிதாவின் 32ஆம் வசனம் கூறுகிறது. நீங்கள் எத்தனை உயிர்களை வாழவைத்தீர்கள் என்பது உங்களுக்கே நினைவிருக்காது. போன உயிர்கள்தான் நினைவில் நிற்கும். அல்லாஹ்வின் கணக்கில் இரண்டும் இருக்கின்றன.

தூக்கம் வரவில்லை, பழைய காட்சிகள் திரும்பத் திரும்ப வருகின்றன, எதிலும் பிடிப்பில்லை, காரணமில்லாமல் கோபம் வருகிறது என்று வாரக்கணக்கில் இருந்தால் மனநல மருத்துவரைப் பாருங்கள். நோயாளிக்கு நீங்கள் சொல்லும் அறிவுரையை நீங்களே கேளுங்கள். 2022 அக்டோபர் 10 முதல் டெலி மனஸ் என்ற அரசு சேவை நடக்கிறது. 14416 என்ற எண்ணுக்கு எந்த நேரமும் போன் செய்யலாம். தமிழிலேயே பேசலாம். கட்டணம் இல்லை. டியூட்டி முடித்து நள்ளிரவில் வீடு திரும்பும்போதும் பேசலாம்.

ஜமாஅத்தாராகிய நமக்கு

முஃமின்கள் அனைவரும் ஓர் உடலைப் போன்றவர்கள், ஓர் உறுப்பு நோயுற்றால் உடல் முழுவதும் தூக்கமின்மையாலும் காய்ச்சலாலும் அதற்குத் துணை நிற்கும் என்று நபி (ஸல்) உவமை சொன்னார்கள். நம் சகோதரி தூங்காமல் இருக்கும்போது ஜமாஅத் மட்டும் நிம்மதியாகத் தூங்கலாமா?

கந்தக் அகழ்ப் போரில் ஸஅது இப்னு முஆத் (ரலி) காயப்பட்டபோது, ருஃபைதா (ரலி) என்ற பெண்மணி காயங்களுக்கு மருந்து போட்டார்கள். அவர்களின் கூடாரம் எங்கே இருந்தது தெரியுமா? மஸ்ஜிதுன் நபவியில். மருத்துவம் செய்யும் பெண்ணுக்கு அல்லாஹ்வின் பள்ளிவாசலில் இடம் கொடுத்தார்கள் நபி (ஸல்). நம் பள்ளியிலும் அவர்களுக்கு இடம் இருக்க வேண்டும். அதற்குச் சில காரியங்கள்:

ஒன்று. இந்த வாரத்துக்குள் உங்களுக்குத் தெரிந்த ஒரு மருத்துவ ஊழியரின் வீட்டுக்குப் போங்கள். டாக்டர் வீட்டுக்கு மட்டும் போகாதீர்கள். வார்டைக் கூட்டியவர், ஆம்புலன்ஸ் ஓட்டியவர் வீட்டுக்கும் போங்கள். முஸ்லிமா, இந்துவா, கிறிஸ்தவரா என்று பார்க்காதீர்கள். "அந்த நேரத்தில் எப்படிச் சமாளிச்சீங்க?" என்று ஒரு கேள்வி கேளுங்கள். அவர் பேசினால் கேளுங்கள். பேசாவிட்டால் விட்டுவிடுங்கள். சாப்பாடு கொண்டுபோனால் போதும்.

இரண்டு. வீட்டில் நர்ஸாக வேலை செய்யும் மருமகளோ மனைவியோ இருந்தால், நைட் டியூட்டி முடித்து வந்தவரை அடுப்படிக்கு அனுப்பாதீர்கள். தூங்க விடுங்கள். சல்மான் (ரலி) செய்தது அதுதான். கதவைச் சாத்தி, பிள்ளைகளைச் சத்தம் போடாமல் பார்த்துக்கொள்வதும் ஸதகாதான்.

மூன்று. "ஈமான் இல்லை", "தொழுகை சரியில்லை", "ஜின் பிடிச்சிருக்கு" என்ற வார்த்தைகளை வாயிலிருந்து எடுத்துவிடுங்கள்.

நான்கு. யாராவது வாழவே பிடிக்கவில்லை என்று சொன்னால் அதை லேசாக எடுக்காதீர்கள். அந்த நேரத்தில் ஹராம் ஹலால் பாடம் நடத்தாதீர்கள். மர்யம் (அலை) அவர்களுக்கு அல்லாஹ் என்ன செய்தான் என்று சொன்னேனே, அதை நினைத்துப் பாருங்கள். தனியாக விடாமல் கூடவே இருந்து டாக்டரிடம் அழைத்துச் செல்லுங்கள். தற்கொலைக்கு முயன்றவரைக் கடும் மன அழுத்தத்தில் இருந்தவராகக் கருதி அரசு பராமரிக்க வேண்டும் என்று 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டமே சொல்கிறது. சட்டத்துக்கு இருக்கும் இரக்கம் நமக்கு இல்லாமல் போகக் கூடாது.

ஐந்து. மருத்துவமனையில் கூட்டம் அதிகமென்றால், காத்திருக்கச் சொன்னால், நர்ஸ் மீது பாயாதீர்கள். படுக்கை இல்லாததற்கு அவர் காரணம் இல்லை. குறை இருந்தால் நிர்வாகத்திடம் எழுதிக் கொடுங்கள். ஆள் போதாமல் ஒருவரே மூவர் வேலை பார்க்கும் நிலையை மாற்றச் சொல்லி அதிகாரிகளிடம் கேட்பதும் நம் வேலை. நாம் சாப்பாடு கொடுத்துவிட்டதால் அவர்களின் லீவும் சம்பளமும் ஓய்வும் தானாக வந்துவிடாது.

முடிவாக

அந்தச் சகோதரி மனநல மருத்துவரைப் பார்த்தார். கொஞ்ச காலம் மருந்து சாப்பிட்டார். இப்போது மறுபடியும் வேலைக்குப் போகிறார். எல்லாம் சரியாகிவிட்டது என்று சொல்ல மாட்டேன். சில இரவுகள் இன்னும் கஷ்டம்தான் என்கிறார். ஆனால் போன பெருநாளைக்குத் தம்பி வீடியோ காலில் வந்தபோது, எழுந்து போகவில்லை. தூரத்தில் உட்கார்ந்து ஸலாம் சொன்னார். அவர் அத்தா பெருநாள் தொழுகைக்குப் பிறகு முஆனகா செய்தபோது என் காதில் சொன்ன செய்தி இதுதான்.

யா அல்லாஹ்! உன் அடியார்களுக்காகத் தூக்கத்தைத் துறந்தவர்களுக்கு நிம்மதியான தூக்கத்தைக் கொடு. அவர்கள் உள்ளத்தில் இருக்கும் கவலையையும் துக்கத்தையும் நீக்கு. அந்தப் பணியில் உயிர்நீத்தவர்களின் குடும்பங்களுக்கு நீயே பொறுப்பாளனாக இரு. கொள்ளைநோயில் மவுத்தான எங்கள் உறவுகளின் பிழைகளைப் பொறுத்து, ஷஹீத்களின் கூலியைக் கொடு. காயப்பட்டவர்களுக்கு எங்கள் நாவால் இன்னொரு காயம் ஏற்படாமல் எங்களைக் காப்பாற்று. சல்மான் (ரலி) அவர்களைப் போல ஒரு சகோதரனின் வாசலுக்குப் போகும் தௌஃபீக்கை எங்கள் அனைவருக்கும் தருவாயாக! ஆமீன், ஆமீன், யா ரப்பல் ஆலமீன்.

வஆகிரு தஃவானா அனில் ஹம்து லில்லாஹி ரப்பில் ஆலமீன். அஸ்ஸலாமு அலைக்கும் வரஹ்மத்துல்லாஹி வபரகாத்துஹு.